கிளிக்கு நல்ல இடம்

என்னிடம் கிளி கேட்டுப் போன் செய்கிறவர்கள் பத்துப் பேர் என்றால், எட்டுப் பேர் எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றுதான். "மேடம், பேசுமா?"

அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் முடித்துவிட்டு "பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?" என்பார்களே, அதே குரல். "பேசாது" என்று சொல்லிப் பார்ப்பேன். "அப்படியா, சரி, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அவர்கள் வைத்துவிட்டால் எனக்கு நிம்மதி. ஒரு வரன் தானாகக் கழிந்தது.

அனாதையான கிளிகளுக்கு வீடு தேடிக் கொடுப்பது எனக்குத் தொழில் இல்லை. குரோம்பேட்டையில் வீடு, இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பின்பக்க பால்கனிக்கு வலை அடித்திருக்கிறேன், அவ்வளவுதான். எல்லாம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆரம்பித்தது. முடிச்சூர் பக்கம் ஜனங்கள் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்த வாரம், எங்கள் சமையலறை ஜன்னல் கம்பியில் கொண்டை வைத்த சாம்பல் நிறப் பறவை ஒன்று நடுங்கிக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்டது. கன்னத்தில் ரவுண்டாக ஆரஞ்சுப் பொட்டு. அதற்குக் காக்டீல் என்று பெயர், ஆஸ்திரேலியாக் கிளி என்பதே கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரியும். தண்ணீர் ஏறும்போது யாரோ கூண்டைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். சொந்தக்காரரைத் தேடித் தெருத்தெருவாகச் சீட்டு ஒட்டினோம், ஒருவரும் வரவில்லை. கடைசியில் மடிப்பாக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டில் சேர்த்தேன். அந்த டீச்சர் இன்னொருவரிடம் என் நம்பரைக் கொடுத்தார். அவர் இன்னும் நாலு பேரிடம் கொடுத்தார். இன்றைக்கு எங்கேயோ கிளி அனாதையானால் என் போன் அடிக்கிறது.

"கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த மாதிரி" என்று பெண்ணைப் பெற்றவர்கள் புலம்புவார்கள். உவமையாகச் சொல்லிச் சொல்லி அதில் நிஜக் கிளி இருப்பதையே நாம் மறந்துவிட்டோம். எனக்கு அது உவமை இல்லை. அந்த வரனில் பூனை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முதலில் பச்சைக்கிளி. வருகிற அழைப்புகளில் பாதி அதைப் பற்றித்தான். பச்சைக்கிளிக்கு நான் வீடு பார்ப்பதில்லை. நான் மட்டுமல்ல, யாருமே பார்க்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் ஊர்க் கிளி எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து வளர்க்கிறோம்" என்பார்கள். தாத்தா காலத்தில் எத்தனையோ இருந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கடலூரில் ஒரு வேட்பாளர் கிளி ஜோசியம் பார்த்தார். ஜெயிப்பார் என்று கிளி சீட்டு எடுத்தது. அந்த வீடியோ சுற்றியது. உடனே வனத்துறை வந்து கிளிகளைக் கூண்டோடு எடுத்துப் போனது. வேட்பாளர் ஜெயிக்கவும் இல்லை. அந்த ஜோசியரை நினைத்தால் எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிளி கூண்டைவிட்டு நடந்து வருவதை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? நடக்கிறது, பறப்பதில்லை. சிறகை வெட்டியிருப்பார்கள்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பொந்துகளில் குஞ்சு இருக்கும் காலம். தலை முறிந்த தென்னை, பட்ட பனை, பழைய கட்டடத்து ஓட்டை என்று கிளி தானாகப் பொந்து குடையாது, கிடைத்ததில் குடியேறும். அந்த மரத்தைத் தெரிந்தவன் வருஷாவருஷம் அதே பொந்தில் கைவிட்டு எடுத்துவிடுவான். எங்களிடம் வருவது அவன் விற்றதில் மிஞ்சியது. இறகு முளைக்காமல் வயிறு மட்டும் பெருத்த குஞ்சு, அட்டைப்பெட்டியில், பக்கத்தில் யாரோ அன்போடு வைத்த பால்சாதம். கிளிக்குப் பால் ஆகாது. அதைச் சொன்னால் "நாங்க பெத்த புள்ள மாதிரி பார்த்தோம்" என்று கோபப்படுவார்கள். பெற்ற பிள்ளை மாதிரி பார்த்ததுதான் சிக்கலே.

கிண்டியில் வனத்துறையினரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிடுவேன். தேவைப்பட்டால் நானே ஆட்டோவில் எடுத்துப் போவேன். ஒருமுறை பல்லாவரத்தில் எழுபது வயது அம்மா ஒருவர், பன்னிரண்டு வருஷம் வளர்த்த கிளியைத் தானே கொண்டுவந்தார். கழுத்தில் ரோஜா நிற வளையம், ஆண். வளையம் வர இரண்டு மூன்று வயதாக வேண்டும், அதற்கு முன் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான். ஆனால் அவர் அதற்கு மீனாட்சி என்று பெயர் வைத்திருந்தார். "பறந்து போயிடும்ல?" என்று மட்டும் கேட்டார். உடனே பறக்காது என்று எப்படிச் சொல்வது? வெட்டிய இறகின் கட்டை தானாக உதிர்ந்து புது இறகு முளைத்தால்தான் சிறகு திரும்பும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் தசை வர வேண்டும், பூனை என்றால் பயம் வர வேண்டும், மனிதக் குரல் கேட்டால் விலகிப் போகப் பழக வேண்டும். சில கிளிகளுக்கு அது கடைசிவரை வருவதில்லை. "பறக்கும்மா, கொஞ்ச நாள் ஆகும்" என்று மட்டும் சொன்னேன்.

பச்சைக்கிளி வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு மொட்டைமாடிக்கு வந்த கிளிகளுக்கு ஊறவைத்த அரிசி வைக்க ஆரம்பித்தார். நாலைந்து வந்தது ஆயிரக்கணக்கில் ஆனது. காலையும் மாலையும் பலகை வரிசையில் தட்டுத் தட்டாக அரிசி, அத்தனை கிளிகளும் வரிசையாக உட்கார்ந்து தின்றுவிட்டுப் போகும். ஊரே போய்ப் பார்த்தது. ஒரு கிளியைக்கூட அவர் கூண்டில் வைக்கவில்லை. உனக்குப் பச்சைக்கிளி வேண்டுமா, மாடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வை, வந்தால் உன் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியே உயிர்க்கிளி இல்லை. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு, தினம் ஒன்று புதிதாகக் கட்டிச் சாத்துகிறார்கள். அவளுக்கே இலைக்கிளி போதும் என்றால் நமக்கு என்ன?

சரி, வீடு பார்க்க வேண்டியது வெளிநாட்டுக் கிளிகளுக்கு. லவ்பேர்ட்ஸ், காக்டீல், கான்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, எப்போதாவது ஒரு மக்காவ். இவற்றுக்கு இங்கே காடு இல்லை. திறந்துவிட்டால் காக்கை முடித்துவிடும், இல்லையென்றால் பசி. யாராவது ஒருவர் வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

வருவதற்கான காரணங்கள் சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி. லாக்டவுனில் வாங்கினார்கள், ஆபீஸ் திறந்துவிட்டது. குழந்தை பிறந்தது. வீட்டுக்காரர் சத்தம் என்கிறார். கனடா போகிறார்கள். விளம்பரத்தில் பார்த்த கிளி தோளில் உட்கார்ந்து முத்தம் கொடுத்தது, வாங்கியது காலை ஆறு மணிக்குத் தெருவே எழுந்திருக்கிற மாதிரி கத்துகிறது. கிளி என்றால் கத்தும். கூட்டத்தோடு காட்டில் வாழும் பறவை, விடிந்ததும் 'நான் இருக்கேன், நீ இருக்கியா?' என்று கேட்கிறது. பதில் வராவிட்டால் இன்னும் உரக்கக் கேட்கிறது.

புதிதாக வரும் கிளி முதல் நாற்பது நாள் தனியறையில். அலகையும் இறகையும் அரிக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது. வந்த கிளிக்கு அது இருந்தால் வீட்டில் இருக்கும் மற்றதற்கும் வந்துவிடும். ஒரு இறகைப் பிடுங்கி அனுப்பினால் சோதித்துச் சொல்கிறார்கள். காலையில் தீனிக்கு முன்னால் சமையலறைத் தராசில் எடை. காக்டீல் என்றால் எண்பது, தொண்ணூறு கிராம். அதில் எட்டு கிராம் குறைந்தாலே எனக்குக் காப்பி இறங்காது. நோய் வந்தாலும் கிளி காட்டிக்கொள்ளாது. காட்டில் நோயாளியாகத் தெரிவதை முதலில் பருந்து தூக்கிவிடும் இல்லையா, அதனால் கடைசி நாள் வரை நடித்துக்கொண்டிருக்கும். தராசிடம் மட்டும் நடிக்க முடியாது.

அப்புறம் வரன். நான் கேட்கிற கேள்விகள் கொஞ்சம் விவகாரமாக இருக்கும் என்று என் கணவர் சொல்வார். காலை பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை வீட்டில் யார் இருக்கிறார்கள்? சொந்த வீடா, வாடகையா? தீபாவளி அன்றைக்கு எந்த அறையில் வைப்பீர்கள்? ஊருக்குப் போனால்? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற வீடா? (போடுங்கள், கிளி இருக்கும் அறையில் வேண்டாம். அதன் நுரையீரல் நம்முடையது மாதிரி இல்லை, புகை தாங்காது.) நான்-ஸ்டிக் தவா இருக்கிறதா? அதை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்துபோனால் கிளம்புகிற ஆவியில் மனிதனுக்கு லேசான தலைவலி, கிளி கொஞ்ச நேரத்தில் செத்துவிழும். தோசைக்கு இரும்புக்கல் என்றால் நூற்றுக்கு ஐந்து மார்க் கூட.

எல்லாவற்றையும்விட மின்விசிறி. வெளிநாட்டுப் புத்தகம் எதிலும் இது பெரிதாக இருக்காது. நம் ஊரில் கூண்டுக்கு வெளியே விட்ட கிளிகளை அதிகம் கொன்றது சீலிங் ஃபேன்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். எனக்குத் தெரிந்தே மூன்று. மூன்றிலும் "ஒரு நிமிஷம்தான் விட்டோம்" என்றார்கள்.

வயதுக் கணக்கு இன்னொன்று. லவ்பேர்ட்ஸ் பத்துப் பதினைந்து வருஷம், காக்டீல் இருபது வரை, சாம்பல் கிளியும் மக்காவும் நாற்பது ஐம்பது. அறுபது வயதுக்காரர் ஒருவர் மூன்று வயதுச் சாம்பல் கிளி கேட்டால், "உங்களுக்கு அப்புறம் யார் சார்?" என்று நான் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒருவர் முகம் சிவந்து எழுந்து போய்விட்டார். அதே வயதில் இன்னொருவர், யோசித்துவிட்டு, "அப்ப கொஞ்சம் வயசான கிளியா ஒண்ணு குடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து ரிட்டயர் ஆகிக்கிறோம்" என்றார். பதினொரு வயதுக் காக்டீல் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். இன்றைக்கும் இருவரும் இருக்கிறார்கள்.

காகிதமும் உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி சைட்டிஸ் என்கிற, அருகிவரும் உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். காக்டீல், பட்ஜி, சாதா லவ்பேர்ட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. சாம்பல் கிளி இருக்கிறது; அதுவும் 2016-இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் உச்சப் பாதுகாப்புப் பட்டியலுக்கே ஏற்றிவிட்டார்கள், ஆப்பிரிக்கக் காடுகளில் அவ்வளவு பிடித்துத் தீர்த்திருக்கிறார்கள். இந்தப் பதிவு வேலையைப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. இலவசமாக வாங்கி மூர் மார்க்கெட் பக்கம் தள்ளிவிடலாம் என்று வருகிற புரோக்கர், "ஆதார் நம்பர் சொல்லுங்க, உங்க பேர்ல மாத்தணும்" என்றதும் காணாமல் போய்விடுகிறான்.

இவ்வளவு தெரிந்த நான்தான் ஒரு கிளியைப் பூனை கையில் கொடுத்தேன்.

அது ஆறு வயதுச் சாம்பல் கிளி. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அடுக்குமாடியிலிருந்து வந்தது. கணவன், மனைவி இருவரும் வெளிநாடு போகிறார்கள். பெயர் ராக்கி என்றார்கள். கூப்பிட்டால் திரும்பாது. சூரியகாந்தி விதை தவிர வேறெதுவும் தின்னத் தெரியாது. முதல் நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக, "ப்ளீஸ் க்ளோஸ் த டோர்" என்றது.

என் மாமியார் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஒரு வாரம் இது நடந்தது. கதவைச் சாத்துவதும், யார் சொன்னது என்று திரும்பிப் பார்ப்பதும். லிஃப்டில் பதிந்து வைத்திருக்கும் குரல் அது. சொல்லுக்கு முன்னால் வருகிற 'டிங்'கும், முடிந்தபின் கம்பிக் கதவு இழுபடும் சத்தமும்கூட அப்படியே இருந்தன. விசாரித்தால், கூண்டு நடைபாதைப் பக்கம், லிஃப்டை ஒட்டி இருந்திருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்கு வருவார்களாம். நாள் முழுக்க அதனோடு பேசியது லிஃப்ட் மட்டும்தான்.

கிளி பேசுவது எனக்கு ஜாதகம் படிப்பது மாதிரி. எந்த வீட்டில் என்ன கேட்டது என்று அதற்குச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் வனவிலங்குப் பூங்காவில் 2020-இல், வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த ஐந்து சாம்பல் கிளிகளைத் தனிமைப்படுத்தி ஒரே அறையில் வைத்தார்கள். ஐந்துக்கும் கெட்ட வார்த்தை தெரியும். ஒன்று திட்ட மற்றது சிரிக்க, சிரிப்பைக் கேட்டு இன்னொன்று திட்ட, கடைசியில் பார்வையாளர்கள் காதில் விழாமல் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. உலகமே அதைப் படித்துச் சிரித்தது. நானும்தான். அப்புறம், அந்த ஐந்து வீடுகளிலும் எத்தனை தரம் அந்த வார்த்தை விழுந்திருக்கும் என்று தோன்றியது.

ராக்கிக்கு முருங்கைக்கீரை பழக்க இரண்டு மாதம் ஆனது. நான் அதன் எதிரில் உட்கார்ந்து காம்போடு மெல்லுவேன்; அது ஒரு கண்ணால் பார்க்கும். எடை 430 கிராமில் நின்றது. அப்போது வந்தார் கிழக்குக் கடற்கரைச் சாலைக்காரர். பங்களா. தோட்டத்தில் ஒரு ஆள் நடந்து போகிற அளவுக்குப் பெரிய கம்பிக் கூடாரம், உள்ளே மரம், செயற்கை ஓடை, இரண்டு ஜோடி மக்காவ். பார்த்துக்கொள்ளத் தனி ஆள். பழம் நறுக்கும் மேடையே எங்கள் சமையலறையைவிடப் பெரிது. "பேசுமா?" என்று அவர் கேட்கவில்லை என்பது வேறு எனக்குப் பெரிய விஷயமாகப் போய்விட்டது. இப்போது யோசித்தால், அவர் எதுவுமே கேட்கவில்லை.

அதே மாதம் அனகாபுத்தூரிலிருந்து ஒரு தையல்காரரும் போன் செய்திருந்தார். இரண்டு அறை வீடு, முன்னறையில் இரண்டு மெஷின். பதின்மூன்று வருஷம் இருந்த லவ்பேர்ட் போன மாதம் இறந்துவிட்டது என்றார். "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கும் மேடம்? எங்களுக்குத் தீபாவளி சீசன்ல பன்னெண்டு மணி வரைக்கும் லைட் எரியும், அதான் கேட்கிறேன்" என்றார். நல்ல கேள்வி. ஆனால் எனக்கு நூலும் குண்டூசியும் கொக்கியும்தான் கண்முன் வந்தன. நூல் கிளியின் விரலில் சுற்றினால் ரத்தம் நின்று விரலே போய்விடும். துத்தநாகப் பூச்சு உள்ள கொக்கியைக் கடித்தால் விஷம். "உங்க வீடு சரிப்படாதுங்க" என்று இரண்டே நிமிஷத்தில் வைத்துவிட்டேன். காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இரண்டு அறை வீடு எப்படித் தெரிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாலு மாதம் கழித்து அந்தக் கூடாரத்துப் பராமரிப்பாளர், முதலாளிக்குத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். "மேடம், வந்து பாருங்க, எனக்கு மனசு கேட்கல."

கூடாரத்தின் மூலையில், மரத்தில்கூட இல்லை, கம்பியைக் கவ்விக்கொண்டு நின்றது. மார்பு முழுக்க வெறும் தோல். கோழிக்கடையில் உரித்துத் தொங்கவிட்ட மாதிரி. தொடை, சிறகின் அடிப்பக்கம் எல்லாம் பிய்ந்திருந்தது. தலை மட்டும் இறகு கலையாமல், வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தது. தன் அலகு எட்டாத இடம் அது ஒன்றுதான். தலையும் சேர்ந்து பிய்ந்திருந்தால் இன்னொரு கிளி செய்தது என்று சொல்லலாம். தலை முழுசாக இருந்தால் தானே செய்துகொண்டது.

அது வரைக்கும் அது இன்னொரு கிளியைப் பார்த்ததே இல்லை. ஆறு வருஷம் லிஃப்ட்டோடு இருந்துவிட்டு, நீலமும் மஞ்சளுமாகத் தன்னைப்போல் இரண்டு மடங்கு பெரிய நாலு பேர் மத்தியில் விட்டால் என்ன செய்யும்? பெரிய இடம்தான். முதலாளி மாதத்துக்கு ஒரு தடவை வருவாராம். எனக்குத் தோட்டத்தைக் காட்டினார், நான் தோட்டத்தைப் பார்த்தேன். பதினொன்றிலிருந்து நாலு வரை யார் என்ற என் சொந்தக் கேள்வியை அங்கே கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

திரும்பி வந்தபோது எடை 380. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் நோய் ஒன்றும் இல்லை என்றார் மருத்துவர். கால்சியம் கொஞ்சம் குறைவு. இறகு வேர் செத்துப்போன இடத்தில் இனி முளைக்காது, மற்ற இடத்தில் பார்க்கலாம் என்றார். மூன்று வாரம் அது லிஃப்ட் குரலிலும் பேசவில்லை. என் மாமியார் பின்பக்கம் போய் நின்று, "கதவு திறந்தேதான் இருக்கு, சொல்லு" என்று சொல்லிப் பார்ப்பார்.

தையல்காரரின் நம்பரைத் தேடி எடுத்து நானே கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் குத்திக்காட்டவில்லை. "நான் ஞாயித்துக்கிழமை வந்து சும்மா உட்கார்ந்துட்டுப் போகலாமா?" என்று மட்டும் கேட்டார்.

வந்தார். கையில் ஒரு துணிப்பை. பால்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து சட்டைகளை எடுத்துக் காஜா எடுக்க ஆரம்பித்தார். கிளி பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு மணி நேரம். இடையில் ஒரு டம்ளர் டீ. "வரேன் மேடம்" என்று போய்விட்டார். அடுத்த ஞாயிறும் அதேதான். கிளியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மூஞ்சிக்கு நேரே போய் நின்று "ஹலோ, ஹலோ" என்பார்கள். முன்பக்கம் இரண்டு கண்ணும் வைத்து முறைத்துப் பார்க்கிறது எல்லாம் அதற்குப் பூனையும் ஆந்தையும்தானே. இவர் பக்கவாட்டில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தார். மூன்றாவது ஞாயிறு ராக்கி கூண்டின் இந்தப் பக்கத்துக்கு நகர்ந்து வந்தது. நாலாவது ஞாயிறு கூண்டுக்கு வெளியே, தரையில், கால் விரல்களை உள்பக்கமாக வைத்து ஆடி ஆடி நடந்து வந்து, அவர் பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து ஒரு பட்டனை எடுத்துக்கொண்டு ஓடியது.

"பிளாஸ்டிக்தான் மேடம், இரும்பு எதையும் இன்னைக்கு நான் கொண்டாரல" என்றார் அவர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். கையில் இருந்த ஒரே ஊசியை, கிளி அருகில் வந்ததும், சட்டைக் காலருக்குள் செருகிவிட்டிருந்தார்.

அனகாபுத்தூர் வீட்டை இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தேன். உள்ளறையில் ஜன்னலோரம் கூண்டு. முன்னறைக்கும் அதற்கும் நடுவே ஒரு கம்பி வலைக் கதவு, அவரே அடித்தது. அதன் வழியாக மெஷின் தெரியும், ஆள் தெரியும், நூல் வராது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் கூண்டுக்கு கனமான பிளவுஸ் லைனிங் துணியில் தைத்த உறை. கடை மூடியதும் கயிற்றில் கட்டிய ஒரு காந்தத்தைத் தரை முழுக்க இழுத்துப் போவார். ஊசி, கொக்கி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். லவ்பேர்ட் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தானாம். நான் போனில் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். நூல் தீர்ந்த அட்டைக் கோன்களை மூட்டை கட்டி வைத்திருந்தார், கிளி கிழித்து விளையாட. கடையில் விற்கிற கிளி பொம்மைகளைவிட அது மேல். வீட்டில் எப்போதும் ஆள். மெஷின் நிற்கும் நேரத்தில் பேச்சு, பேச்சு நிற்கும் நேரத்தில் எஃப்எம். ஃபேன் ஒன்றே ஒன்று, அதுவும் டேபிள் ஃபேன், முன்பக்கம் வலை போட்டது.

பதிவு எல்லாம் மாற்றி, ஒரு தை மாதத்தில் அனுப்பிவைத்தேன்.

எட்டு மாதம் கழித்துப் போயிருந்தேன். கொடுத்த வீட்டுக்கு எப்போதாவது சொல்லாமல் போவேன், அதுவும் நிபந்தனையில் உண்டு. தெருவில் திரும்பும்போதே மெஷின் சத்தம். உள்ளே போனால் இரண்டு மெஷினும் சும்மா கிடக்கின்றன, இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வலைக்கதவுக்குப் பின்னால் ராக்கி தையல் ஓட்டிக்கொண்டிருந்தது. டர்ர்ர்ர் என்று ஒரு நீளம், நிறுத்தி, கத்தரிக்கோல் சத்தம், மறுபடி டர்ர்ர்ர். மார்பில் சாம்பல் பஞ்சு அடர்த்தியாக வந்திருந்தது. நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு மட்டும் வெறுமை. அது இனி அப்படித்தான் இருக்கும்.

"லிஃப்ட் பாஷை போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"எங்க போச்சு? அளவு குடுக்க வர்றவங்க கதவைத் திறந்து போட்டுட்டுப் போனா சரியாச் சொல்லிடுது. நாங்க சொன்னா கேட்காதவங்க அது சொன்னா சாத்துறாங்க" என்றார் அவர் மனைவி.

உரிமையோடு வலைக்கதவைத் திறந்து, பழைய பழக்கத்தில் கையை நீட்டினேன். ராக்கி தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தது. மெதுவாக வந்தது. ஆள்காட்டி விரலை நகத்துக்குக் கீழே பிடித்து, எலும்புவரை இறங்குகிற மாதிரி ஒரு கடி கடித்துவிட்டு, திரும்பி நடந்துபோய்த் தையல்காரர் தோளில் ஏறிக்கொண்டது.

அவர் பதறிப்போனார். "யாரையும் கடிக்காது மேடம், இன்னைக்கு என்னமோ தெரியல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி உள்ளே ஓடி மஞ்சள்பொடி கொண்டுவந்து அப்பி, மெஷினில் இருந்த வெள்ளைத் துணியில் ஒரு கிழிசல் கிழித்துக் கட்டிவிட்டார்.

விரல் இரண்டு நாள் வீங்கியிருந்தது. அலுவலகத்தில் கேட்டவர்களிடம் லிஃப்ட் கதவில் மாட்டிக்கொண்டது என்றேன்.